அப்பா, அம்மாவுக்கு பிரஷர் இருந்தால் பிள்ளைகளுக்கும் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பெரியவர் ஒருவருக்கு பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தவுடன் பிள்ளைகளுக்கு வரும் முதல் கேள்வி, "அப்போ எனக்கும் வருமா?" என்பதுதான். அதையும், அதை ஒட்டி அடிக்கடி கேட்கப்படும் மற்ற கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். குடும்பத்தில் பிரஷர் இருப்பது தெரிந்தும் தன்னுடைய எண் என்ன என்று பார்க்காமலே நாற்பதைத் தாண்டுபவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களை மனதில் வைத்தே எழுதப்பட்ட பக்கம் இது.

எங்கள் அப்பாவுக்கு பிரஷர். எனக்கும் கட்டாயம் வருமா?

கட்டாயம் இல்லை. ஆனால் வாய்ப்பு கூடுதல் என்பதில் சந்தேகமும் இல்லை.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த 1,160 ஆண்களை மாணவப் பருவம் தொட்டு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. 2008-ல் வந்த அதன் முடிவுப்படி, பெற்றோருக்கு பிரஷர் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் அம்மாவுக்கு மட்டும் இருந்தவர்களுக்கு ஆபத்து ஒன்றரை மடங்கு. அப்பாவுக்கு மட்டும் என்றால் 1.8 மடங்கு. இருவருக்குமே இருந்தால் 2.4 மடங்கு. அந்த ஆய்வில் மிக முக்கியமானது அடுத்த எண்தான். அப்பா, அம்மா இருவருக்குமே 55 வயதுக்குள் பிரஷர் வந்திருந்தால் பிள்ளைக்கு ஆபத்து 6 மடங்கு. அதிலும் 35 வயதில் மட்டும் கணக்குப் பார்த்தால் 20 மடங்கு.

அவர்கள் எல்லோரும் ஆண்கள், அமெரிக்கர்கள், மருத்துவம் படித்தவர்கள். அதனால் அந்த எண்களை அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்த வேண்டாம். முப்பத்தைந்து வயதில் பிரஷர் வருவதே பொதுவாகக் குறைவு என்பதால்தான் 20 மடங்கு என்பது அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அது காட்டும் திசை தெளிவு: "யாருக்கு இருந்தது" என்பதோடு "எந்த வயதில் வந்தது" என்பதையும் கேட்டே ஆக வேண்டும்.

எந்தச் சொந்தமெல்லாம் கணக்கில் வரும்?

முதலில் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள். அதற்குப் பிறகுதான் தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தி, மாமா, அத்தை. எழுபத்தெட்டு வயதில் தாத்தாவுக்கு வந்த பிரஷரைவிட, முப்பத்தெட்டு வயதில் அண்ணனுக்கு வந்தது உங்களுக்குப் பல மடங்கு முக்கியமான செய்தி. வயதானால் பெரும்பாலோருக்கு வருவதுதான் பிரஷர். சிறு வயதில் வந்தால்தான் குடும்பத்தின் பங்கு அதில் கூடுதலாக இருக்கும்.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பிரஷரே கிடையாது. அப்படியென்றால் பயமில்லைதானே?

இந்தப் பதிலைச் சொல்லும் பல வீடுகளில் உண்மை என்னவென்றால், யாருக்கும் இல்லை என்பதல்ல, யாரும் பார்த்துக்கொள்ளவில்லை என்பதுதான். நம் தாத்தா பாட்டி தலைமுறையில் பிரசவத்துக்கோ விபத்துக்கோ ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர்களைத் தவிர, கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்? உயர் ரத்த அழுத்தம் வலிக்காது, காய்ச்சல் தராது. பத்து, பதினைந்து ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் தராமல் ரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே "யாருக்காவது பிரஷர் இருந்ததா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒன்னுமில்லப்பா, நல்லா இருந்தாங்க" என்றுதான் பதில் வரும். வேறு மாதிரி கேட்க வேண்டும். தாத்தா எப்படி இறந்தார்? எந்த வயதில்? கை கால் இழுத்துக்கொண்டு படுத்திருந்தாரா, வாய் கோணியதா? ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லையா? யாருக்காவது கிட்னி கெட்டு டயாலிசிஸ் செய்தார்களா? அத்தை ஆறேழு மாதக் கர்ப்பத்தில் கால் வீங்கி, ஜன்னி கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதாகப் பேச்சு உண்டா? இந்தப் பதில்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் கண்டுபிடிக்கப்படாத பிரஷர் இருந்திருக்கலாம். இருந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "பக்கவாதம், வயது 52" என்று எழுதிவைத்த ஒரு வரி மருத்துவருக்கு மிகவும் உதவும்.

இதைக் கேட்பதற்கு உகந்த ஆள் பெரும்பாலும் அம்மாவழிப் பாட்டியோ மூத்த அத்தையோதான். யார் எப்போது படுத்தார், யாரை எந்த ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்பதையெல்லாம் "உங்க சித்தப்பா கல்யாணத்துக்கு முந்தின வருஷம்" என்று அவர்கள் சொல்வார்கள். அதைவைத்து வயதை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

குடும்ப விவரமே தெரியாதவர்கள் என்ன செய்வது?

தத்துப் பிள்ளைகள், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர்கள், உறவு அறுந்துபோனவர்கள் கவலைப்பட வேண்டாம். குடும்பக் கதை ஒரு துப்பு மட்டுமே. உங்கள் கையில் பட்டை கட்டிப் பார்த்தால் வரும் எண் அதைவிடப் பெரிய சாட்சி. ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள், போதும்.

பிரஷருக்கு என்று தனியாக ஒரு மரபணு இருக்கிறதா?

1950-களில் இங்கிலாந்தில் இதைப் பற்றி ஒரு பெரிய வாதமே நடந்தது. மான்செஸ்டரைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் பிளாட், இது ஒரே மரபணுவால் வரும் தனி நோய், இருக்கும் அல்லது இல்லை என்றார். இன்னொரு மருத்துவரான ஜார்ஜ் பிக்கரிங் அதை மறுத்தார். உயரம் எப்படிக் குட்டை, நெட்டை என்று இரண்டாகப் பிரியாமல் எல்லா அளவிலும் இருக்கிறதோ, ரத்த அழுத்தமும் அப்படித்தான். பல மரபணுக்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகின்றன என்பது அவர் கட்சி. காலம் பிக்கரிங் பக்கம் நின்றது. 2018-ல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, மரபணுத் தொகுப்பில் அழுத்தத்தோடு தொடர்புள்ள இடங்களின் எண்ணிக்கை 900-ஐ எட்டியது. ஒவ்வொன்றும் கூட்டுவது மிகச் சிறு அளவு.

ஆளுக்கு ஆள் ரத்த அழுத்தம் மாறுபடுவதில் சுமார் 30 முதல் 50 சதவீதத்துக்கு மரபு காரணம் என்று இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்து நடத்திய ஆய்வுகள் சொல்கின்றன. மீதியெல்லாம் சாப்பாடு, எடை, உழைப்பு, தூக்கம், குடி, வயது.

சாதாரண பிரஷருக்கு மரபணுப் பரிசோதனை தேவையில்லை. எச்சிலை அனுப்பினால் ஆபத்தைக் கணித்துச் சொல்கிறோம் என்று விற்கப்படும் பரிசோதனைக்குச் செலவழிக்கும் பணத்தில், வீட்டுக்கே நல்ல பிரஷர் மெஷின் ஒன்று வாங்கிவிடலாம்.

குடும்பத்தில் பிரஷர் வருவது ரத்தத்தாலா, சமையலாலா?

இரண்டாலும். குடும்பம் மரபணுவை மட்டும் தருவதில்லை. உப்பு ருசியை, ராத்திரி பத்து மணிச் சாப்பாட்டை, உட்கார்ந்தே இருக்கும் பழக்கத்தையும் சேர்த்தே தருகிறது.

கணவன் மனைவியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ரத்த சம்பந்தமில்லாத இருவர். நடுத்தர வயதும் அதற்கு மேலும் உள்ள தம்பதிகளை நான்கு நாடுகளில் ஒப்பிட்ட ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் ஐந்து தம்பதிகளில் ஒரு தம்பதிக்கு, இருவருக்குமே உயர் ரத்த அழுத்தம் இருந்தது. கணவருக்கு இருந்தால் மனைவிக்கும் இருக்கும் வாய்ப்பு, கணவருக்கு இல்லாத பெண்களைவிட 19 சதவீதம் அதிகம். மாமியார் வீட்டு பிரஷர் மருமகளுக்கு ரத்தத்தில் வராது, ஆனால் தட்டு வழியாக வரும்.

இன்னொரு சான்று கென்யாவிலிருந்து. விக்டோரியா ஏரியை ஒட்டிய கிராமங்களில் வாழ்ந்த லுவோ மக்கள் வேலை தேடி நைரோபி நகரத்துக்குக் குடிபோனபோது ஆய்வாளர்கள் அவர்களைத் தொடர்ந்து அளந்தார்கள். 1990-ல் வந்த முடிவு: நகரத்துக்கு வந்த முதல் மாதத்திலேயே அவர்களின் அழுத்தம், ஊரிலேயே இருந்தவர்களைவிடக் கூடியிருந்தது. சிறுநீரில், உப்பிலிருந்து வரும் சோடியம் கூடி, பொட்டாசியம் குறைந்திருந்தது. ஒரே மாதத்தில் யாருடைய மரபணுவும் மாறுவதில்லை. சாப்பாடுதான் மாறியது.

மரபிலேயே இருக்கும்போது நான் கட்டுப்பாடாக இருந்து என்ன பயன்?

மனம் சோர்ந்து கேட்கப்படும் கேள்வி இது. பிரிட்டனில் 2 லட்சத்து 77 ஆயிரம் பேரை மரபணு ஆபத்து குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்றாகப் பிரித்து 2018-ல் ஆராய்ந்தார்கள். மூன்று பிரிவிலுமே உணவு, உடற்பயிற்சி, எடை, புகை, மது, உப்பு ஆகியவற்றில் நல்ல பழக்கம் உள்ளவர்களின் அழுத்தம், கெட்ட பழக்கம் உள்ளவர்களைவிடக் குறைவாக இருந்தது. மோசமான மரபணு வாய்த்தவர்களுக்கும் கட்டுப்பாட்டின் பலன் கிடைத்தது.

குறைவது சில புள்ளிகள்தானே என்று நினைக்க வேண்டாம். 123 ஆய்வுகளை, 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு 2016-ல் வந்தது. மேல் எண் 10 புள்ளி குறைந்தால் பக்கவாதம் சுமார் 27 சதவீதமும் இதயம் செயலிழப்பது 28 சதவீதமும் குறைகிறது என்று அது காட்டியது. அந்த ஆய்வுகள் மாத்திரை கொடுத்து நடந்தவை. ஆனால் எந்த வழியில் குறைந்தாலும் ரத்தக் குழாய்க்குள் குறைந்த அழுத்தம் குறைந்த அழுத்தம்தான்.

உப்பை எவ்வளவு குறைக்க வேண்டும்? எப்படிக் கணக்கு வைப்பது?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். தேக்கரண்டியால் தலைதட்டி எடுத்தால் ஒன்றுகூட முழுசாக வராது. குடும்பத்தில் பிரஷர் உள்ளவர்களில் உப்புக்குச் சட்டென்று அழுத்தம் ஏறும் உடல்வாகு அதிகம் காணப்படுகிறது. அதனால் இந்தக் கேள்வி அவர்களுக்கே முக்கியம்.

சமையலில் கிராம் கணக்குப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. அதற்குப் பதிலாக உப்பு பாக்கெட்டைக் கவனியுங்கள். ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரிக்கும் நாளன்று அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதிவிடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளொன்றுக்கு 20 கிராம். பாக்கெட் 50 நாள் வர வேண்டும். முப்பதே நாளில் தீர்ந்தால் ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல் போகிறது. இது அடுப்படி உப்பு மட்டும். கடை ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், பிஸ்கட், ஓட்டல் சாம்பார் எல்லாம் இதற்கு மேல்.

எங்கே குறைப்பது? சோறு வடிக்கும்போதும் சப்பாத்தி மாவிலும் போடும் உப்பை முதலில் நிறுத்துங்கள். குழம்பும் பொரியலும் இருக்கும்போது அந்த உப்பு இல்லாதது இரண்டு வாரத்தில் மறந்துபோகும். மோர் மிளகாய், வத்தல், வடகம் தினம் வேண்டாம். எலுமிச்சை, புளி, மிளகு, கறிவேப்பிலை, கொத்தமல்லி தாராளமாகச் சேர்த்தால் உப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாது.

இந்துப்புக்கு மாறினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். பிரஷருக்கு அதனால் லாபமில்லை. சோடியத்தில் ஒரு பகுதியைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு வேறு. சீனாவில் 600 கிராமங்களில், ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த சோதனையில் அப்படிப்பட்ட உப்பு பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்ததாக 2021-ல் அறிவித்தார்கள். ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், எனாலபிரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து.

எந்த வயதிலிருந்து பார்க்க வேண்டும்?

நாட்டின் தொற்றா நோய்த் திட்டத்தில் 30 வயது முதல் பரிசோதிக்கிறார்கள். பெற்றோருக்கு இளவயதில் பிரஷர் வந்த வீட்டில் அதுவரை காத்திருக்க வேண்டாம். 18 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். செலவு ஒன்றுமில்லை: ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்ப்பார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். அப்பாவுக்குப் பார்க்க வரும் அந்தச் சகோதரியிடம் உங்கள் கையையும் நீட்டுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு, பெரியவர்களுக்கு எல்லையாகப் பார்க்கும் 140/90 கணக்கு பொருந்தாது. வயது, உயரத்தை வைத்து வேறு அட்டவணை உண்டு. குடும்பத்தில் பிரஷர் இருந்து பிள்ளையும் குண்டாக இருந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள்.

முகாமில் 150 என்றார்கள், வீட்டில் 128 காட்டுகிறது. எது சரி?

முகாமில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெயிலில் நடந்து வந்து, வரிசையில் நின்று, முறை வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறீர்கள். சட்டைக் கையைச் சுருட்டி மேலே தள்ளி அதன்மேலேயே பட்டையைக் கட்டுகிறார்கள். கை தொங்குகிறது. "பேர் என்ன, வயசு என்ன" என்று கேள்வி, நீங்கள் பதில் சொல்லச் சொல்லக் காற்று ஏறுகிறது. இதில் ஒவ்வொன்றும் எண்ணை ஏற்றக்கூடியது.

சரியாகப் பார்ப்பதென்றால் முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். வெறும் தோலின்மேல் பட்டை. பேச்சு வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள். எதில் அதிகமோ அந்தக் கையையே பிறகும் பயன்படுத்துங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பொய்யாக அதிகம் காட்டும்.

மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல், வீட்டில் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் ரத்த அழுத்தம். ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறுபவர்களும் உண்டு, அங்கே சரியாகக் காட்டி வீட்டில் ஏறுபவர்களும் உண்டு. ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதிய சீட்டோடு போனால் மருத்துவருக்கு வேலை எளிது.

எனக்கு 132/86. அம்மாவுக்கு எழுதிய மாத்திரையில் பாதி போடலாமா?

வேண்டாம். அம்மாவுக்கு அந்த மாத்திரையை அவருடைய வயது, சிறுநீரகம், சர்க்கரை எல்லாவற்றையும் பார்த்து எழுதியிருப்பார்கள். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு டெல்மிசார்டன், எனாலபிரில் வகையறா கருவைப் பாதிக்கும். 132/86 என்பது எல்லையோரம். சர்க்கரை, சிறுநீரகம், இதயக் கோளாறு இல்லையென்றால் பெரும்பாலும் உப்பு, எடை, நடை ஆகியவற்றிலிருந்தே தொடங்குவார்கள். சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

அதோடு, வீட்டில் வேறு எதுவும் ஏற்றிவிடுகிறதா என்றும் பாருங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மூக்கடைப்பு மாத்திரை, கருத்தடை மாத்திரை எல்லாம் ஏற்றும். இருமலுக்கு நாள்கணக்கில் சுவைக்கும் அதிமதுரமும் ஏற்றும். நாட்டு மருந்து என்பதால் இதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஒல்லியாக இருக்கிறேன், கோபமே வராது. எனக்கும் வருமா?

வரலாம். ஒல்லியானவர்களுக்கும் சாந்தமானவர்களுக்கும் பிரஷர் உண்டு. குணத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகமா?

மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் மருத்துவர்கள் முக்கியமாகக் கவலைப்படுவது வேறு வகை மரபு நோய்களுக்கு. பிரஷரைப் பொறுத்தவரை நடைமுறையில் கவனிக்க வேண்டியது, அப்பா வழியும் அம்மா வழியும் ஒரே குடும்பம் என்பதே. அந்தக் குடும்பத்தில் பிரஷர் இருந்தால் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு சீக்கிரம் பார்க்கத் தொடங்குங்கள்.

அம்மாவுக்குப் பிரசவத்தின்போது பிரஷர் ஏறியதாம். அது முடிந்துபோன கதைதானே?

முடியவில்லை. கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போன பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர பிரஷர் வரும் ஆபத்து மூன்று மடங்குக்கு மேல். குழந்தை பிறந்ததும் எண் இறங்கிவிட்டதால் பலரும் அதன்பிறகு பார்த்துக்கொள்வதே இல்லை. அவர்கள் ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ அப்படி நடந்திருந்தால், நீங்கள் கர்ப்பமானதும் முதல் பரிசோதனையிலேயே சொல்லுங்கள். தேவையென்று மருத்துவர் கருதினால் மூன்றாவது மாத முடிவிலிருந்தே குறைந்த அளவு ஆஸ்பிரின் தந்து அதைத் தடுக்கப் பார்ப்பார்.

குடும்பத்தோடு வரும் அரிய வகைகள் உண்டா?

உண்டு. ஒரே ஒரு மரபணுக் கோளாறால் வரும் வகைகள் மிகக் குறைவு, ஆனால் கண்டுபிடித்தால் வைத்தியமே மாறும். 1963-ல் கிராண்ட் லிடில் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த குறைபாட்டில், சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் பிடித்துவைக்கும். வழக்கமான மாத்திரைகள் சரியாக வேலை செய்யாத இடத்தில் அமிலோரைடு என்ற மருந்து நன்றாகக் கேட்கும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறையும் பரம்பரை நோயில், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

முப்பது வயதுக்குள் பிரஷர், மூன்று மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர், ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, குடும்பத்தில் நாற்பதுக்குள் மூளையில் ரத்தக்கசிவு, திடீர் திடீரென்று தலைவலியும் வியர்வையும் படபடப்பும் சேர்ந்து வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் "குடும்ப பிரஷர்" என்று விட்டுவிடாமல், மேல் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

180/120-க்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், குழப்பம், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் பலமிழப்பு, பேச்சுக் குழறல் எதுவாவது இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். தொந்தரவு எதுவும் இல்லாமல் எண் மட்டும் அவ்வளவு காட்டினால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். குறையவில்லையென்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். எந்த நிலையிலும் வீட்டில் யாருடைய பிரஷர் மாத்திரையையோ எடுத்து நாக்குக்கு அடியில் வைக்காதீர்கள். அழுத்தம் மளமளவென்று இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தமே குறைந்துவிடும்.